ஊசி கேட்டு வந்த ஆச்சி



திருக்குர்ஆனின் 107ஆவது அத்தியாயம் ஸூரத்துல் மாஊன். மொத்தம் 7 வசனங்கள். மக்தபில் ஓதும் சிறு பிள்ளையும் அதை மனனமாக ஒப்பித்துவிடும். ஆனால், அதன் கடைசி வசனத்தின் பாரம் எனக்கு விளங்கியது, அது என் வீட்டு வாசலில் வந்து நின்ற பிறகுதான்.

ஆனி, ஆடி மாதங்களில் குற்றாலத்தில் சாரல் கட்டிவிட்டால், எங்கள் சுரண்டையிலும் மேல்காற்று வந்து கதவைத் தட்டும். அப்போது பெண்கள் பழைய சேலைகளை எடுத்து, நான்கைந்தாக அடுக்கி, ஓட்டுத்தையல் போட்டுப் போர்வையாக்குவார்கள். நைந்த முந்தானையும் கிழிந்த கரையும் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு குளிரை மறைக்கும்.

எங்கள் அடுத்த வீட்டில் ஓர் ஆச்சி இருக்கிறார். மாற்று மதத்தவர். காய்கறிச் சந்தையில் காய் தரம் பிரித்துக் கூலி வாங்கிப் பேரனை வளர்க்கிறார். ஒரு வியாழக்கிழமை அஸருக்குப் பின் வாசலில் நின்று, "அசரத்து, பெரிய ஊசி ஒண்ணு இருந்தாத் தாங்களேன். ராத்திரிக்குள்ள தச்சிட்டுத் தந்துருதேன்" என்றார்.

நானோ மறுநாள் ஜும்ஆ பயானுக்காகக் கிதாபுகளை விரித்து வைத்திருந்தேன். தொழுகையில் அலட்சியம் என்பது தலைப்பு. என் வீட்டார் ஊரில் இல்லை. எழுந்து தேடச் சோம்பல். "எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை ஆச்சி" என்று இருந்த இடத்திலிருந்தே சொல்லிவிட்டேன். "சரி அசரத்து" என்று போய்விட்டார்.

இஷாவுக்குப் பின் மீண்டும் கிதாபின் முன் அமர்ந்தேன். தொழுகையைப் பற்றிக் கவலையற்றுத் தொழுவோரை எச்சரிக்கும் வசனத்தைப் பார்த்தேன். அடுத்து, பிறருக்குக் காட்டத் தொழுவோர். அதற்கும் அடுத்து, 'மாஊன்' தர மறுப்போர். மாஊன் என்றால் என்ன? இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் சட்டி, வாளி, கோடரி போன்ற புழங்கு பொருள்கள் என விளக்கியிருக்கிறார்கள். இக்ரிமா (ரஹ்) அவர்கள், அதில் தலையாயது ஸகாத்து என்றும், கடைசியானது சல்லடை, வாளி, ஊசி என்றும் கூறியிருக்கிறார்கள்.

ஊசி! என் கண் அந்தச் சொல்லிலேயே நின்றுவிட்டது. சுவருக்கு அப்பால் ஆச்சியின் பேரன் இருமிக்கொண்டிருந்தான். எழுந்து தேடினேன். இரண்டே நிமிடத்தில் பிஸ்கட் டப்பாவில் ஊசி கிடைத்தது. ஆனால், அந்த வீட்டில் விளக்கு அணைந்திருந்தது.

ஃபஜ்ரு முடிந்ததும் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆச்சி முகம் கோணவில்லை. "ராத்திரி பிள்ளைக்குச் சாக்கைப் போர்த்திவிட்டேன் அசரத்து" என்றார். அவர் குறையாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் சுட்டது. அன்றைய பயானில் நான் முதலில் எச்சரித்தது என்னையே.

சகோதரிகளே! உறவான அண்டை வீட்டாருக்கும் அந்நியரான அண்டை வீட்டாருக்கும் உபகாரம் செய்யும்படி அல்லாஹ் ஏவியிருக்கிறான். அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்கள் வீட்டில் ஆடு அறுக்கப்பட்டபோது, "நம் யூத அண்டை வீட்டாருக்குக் கொடுத்தீர்களா?" என்றுதான் கேட்டார்கள். அண்டை வீட்டாரை வாரிசாக்கிவிடுவாரோ என்று எண்ணுமளவுக்கு ஜிப்ரீல் (அலை) அவர்கள் வலியுறுத்தியதாக நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னதை அவர்கள் கேட்டிருந்தார்கள்.

ஊர் திரும்பிய என் வீட்டார், இரண்டு பழைய சேலைகளைத் துவைத்து ஆச்சியிடம் கொடுத்தார். மறுவாரம் ஆச்சி ஒரு கை வெண்டைக்காய் கொண்டுவந்தார். முற்றல்தான். ஆனாலும் அண்டை வீட்டுப் பெண் தருவது ஓர் ஆட்டுக் குளம்பானாலும் அற்பமாக எண்ணக் கூடாதென்று நம் பெண்களுக்கு அண்ணலார் (ஸல்) அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அன்று எங்கள் வீட்டில் அந்த வெண்டைக்காய்தான் குழம்பு.

நம் கொல்லைப்புறத்திலும் இந்தக் கடமை உண்டு. முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து மனிதனோ, பறவையோ, கால்நடையோ தின்றால் அது அவருக்கு ஸதகா. சுவர் தாண்டிச் சாய்ந்த முருங்கைக் கிளையில் அடுத்த வீட்டார் கீரை ஒடித்தால், அது களவு என்று சண்டைக்குப் போகாதீர்கள். உங்கள் ஏட்டில் நன்மை ஏறுகிறது. அதே வேளை, நம் செடிக்கு ஊற்றும் தண்ணீர் அவர்கள் வாசலில் சேறாகாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதிகம் தொழுது, நோன்பு நோற்று, தர்மமும் செய்த ஒரு பெண், நாவால் அண்டை வீட்டாரை நோவித்ததால் நரகவாதி என்றார்கள் நாயகம் (ஸல்) அவர்கள். குறைவாகவே வணங்கி, சில பாலாடைக்கட்டித் துண்டுகளை மட்டும் தர்மம் செய்து, எவரையும் நோவிக்காத பெண்ணையோ சுவர்க்கவாதி என்றார்கள். நம் தொழுகைப் பாயின் மதிப்பு, பக்கத்து வீட்டு வாசலிலும் நிறுக்கப்படுகிறது.

இன்று மாலைக்குள் ஒருமுறை அடுத்த வீட்டாரிடம், "ஏதேனும் வேண்டுமா?" என்று கேளுங்கள். எவர் வாசல் மிக அருகில் இருக்கிறதோ, அவரிடமிருந்து தொடங்குங்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுக்கு நாயகம் (ஸல்) அவர்கள் காட்டிய வழி அதுதான்.

கேட்டு வருபவரை வெறுங்கையோடு அனுப்பாத மனத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.