மனிதப் புரதத்தில் மனிதன் எங்கே?

ஆய்வுக்கூடங்களுக்கென விற்கப்படும் சில சிறு குப்பிகளின்மீது ‘மனிதப் புரதம்’ என அச்சிடப்பட்டிருக்கும். அளவு, தூய்மை விழுக்காடு, காக்கவேண்டிய குளிர்நிலை ஆகியவையும் குறிக்கப்பட்டிருக்கும். ஆனால் அது எவருடைய உடலிலிருந்தும் எடுக்கப்பட்டதன்று. மனித மரபணுவைப் பாக்டீரியாவிலோ வேறு செல்லிலோ புகுத்தி விளைவித்தது. அப்படியாயின், அங்கே ‘மனித’ என்னும் சொல்லுக்குப் பொருள் என்ன?

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். நம் செல்லின் உட்கரு, மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கு அளவே உள்ளது. அதற்குள் ஏறத்தாழ 2 மீட்டர் நீளமுள்ள டி.என்.ஏ. இழை அடங்கியிருக்கிறது. திருவரங்கத்து வீதிகளில் பூ விற்கும் பெண், தொடுத்த சரத்தைச் சிக்கலின்றிப் பந்தாகச் சுற்றிவைப்பதுபோல, இவ்விழை ஹிஸ்டோன் என்னும் புரதங்களின்மேல் சுற்றப்படுகிறது. இழை படியெடுக்கப்படும்போது புதிய இழைக்கு ஹிஸ்டோன்களைக் கொண்டுவந்து சேர்க்கும் புரதக் கூட்டுக்குக் ‘காஃப்-1’ என்று பெயர். அமெரிக்காவில் சூசன் ஸ்மித், புரூஸ் ஸ்டில்மன் ஆகியோர் 1989-இல் அதைப் பிரித்தெடுத்து விளக்கினர்.

இத்தகைய புரதத்தில்தான் மனிதத்தன்மை உறைகிறதா? திருச்சி தூய வளனார் கல்லூரியில் பயின்ற ஜி. என். இராமச்சந்திரன், 1954-இல் சென்னையில் கோபிநாத் கர்த்தாவுடன் கொலாஜன் புரதத்தின் முப்புரி வடிவை வெளியிட்டார். நம் தோலிலும் எலும்பிலும் உள்ள அப்புரதத்தின் வடிவை அறிய அவருக்கு உதவியது கங்காருவின் வால் தசைநார்! ஹிஸ்டோன்களுள் ஒன்றான எச்-4, 102 அமினோ அமிலங்களால் ஆனது. பட்டாணிச் செடியின் எச்-4-க்கும் கன்றின் எச்-4-க்கும் இரண்டே இடங்களில்தான் வேறுபாடு. படைப்பனைத்தும் ஒரே நூலால் நெய்யப்பட்டிருக்கிறது அன்றோ!

ஆன்மா உடலின் ஒவ்வோர் உறுப்பிலும் முழுமையாக இருக்கிறது என்றும், உடலினின்று பிரிந்த கையையும் கண்ணையும் பெயரளவில்தான் கை, கண் என்கிறோம் என்றும் புனித தாமஸ் அக்குவினாஸ் கற்பித்தார். அவ்வாறே, குப்பியிலுள்ள புரதமும் பெயரளவில்தான் மனிதம். அதற்கு வணக்கமும் வேண்டா, அச்சமும் வேண்டா.

ஆயினும் கேள்வி இத்துடன் முடிந்துவிடவில்லை. காஃப்-1 முதலில் பிரித்தெடுக்கப்பட்டது ‘293’ என்னும் மனிதச் செல்வரிசையிலிருந்து. 1973-ஆம் ஆண்டையொட்டி, ஹாலந்தின் லைடன் நகரில், கலைக்கப்பட்ட ஒரு கருவின் சிறுநீரகச் செல்களிலிருந்து அது உருவாக்கப்பட்டது. கருக்கலைப்பின் காரணம் தமக்குத் தெரியவில்லை என்றும், அத்தகவல்கள் தொலைந்துவிட்டன என்றும் அங்குப் பணியாற்றிய வான் டெர் எப் 2001-இல் அமெரிக்க மருந்துத்துறைக் குழுவின்முன் கூறினார். 293 என்பதோ பிராங்க் கிரஹாம் என்னும் ஆய்வாளரின் சோதனை எண். ஒரு மனித உயிருக்கு எஞ்சியது அந்த எண் மட்டுமே.

இது எங்கோ நடந்தது என நாம் ஒதுங்க இயலாது. 2021-இல் நம்மவர் பலர் இட்டுக்கொண்ட கோவிஷீல்டு தடுப்பூசியும் இச்செல்வரிசையில் விளைந்ததே. அப்படியானால் நாமும் அப்பாவத்தில் பங்காளிகளா? அல்ல. ‘மனித ஆளின் மாண்பு’ பற்றிய 2008-ஆம் ஆண்டின் உரோமை அறிவுரை, பொறுப்பில் படிநிலைகள் உண்டென்று தெளிவாக்குகிறது. பிள்ளையின் நலன்கருதித் தடுப்பூசி போடும் தாய்க்கு வேறு தேர்வு இல்லாதிருக்கலாம். ஆய்வுப்பொருளைத் தேர்ந்தெடுப்பவரின் நிலை வேறு. காஃப்-1-ஐ இன்று பூச்சிச் செல்களிலும் விளைவிக்க முடிகிறது. மாற்றுவழி இருக்கையில் அதை நாடுவதும், இல்லாதபோது அதைக் கேட்பதும் கடமையாகும்.

நம் பிள்ளைகள் பலர் உயிர்த் தொழில்நுட்பம் பயில்கின்றனர். “இது எவ்வளவு தூய்மையானது?” என்று குப்பியைப் பார்த்துக் கேட்க அவர்களுக்குக் கல்லூரி கற்றுத்தரும். “இது எங்கிருந்து வந்தது? யாருடைய இசைவோடு வந்தது?” என்று கேட்க நாம் கற்றுத்தர வேண்டும். பெற்ற நன்மை பழைய அநீதியை நீதியாக்கிவிடாது. பழைய அநீதிக்காகப் பெற்ற நன்மையை வீசியெறியவும் வேண்டியதில்லை. மறவாதிருப்பதே நம்மீதுள்ள கடன். மனிதன் புரதத்தில் இல்லை. அச்சோதனை எண்ணுக்குப் பின்னால், பெயரிடப்படாமலே இருக்கிறான்.