முகாம் பிள்ளைக்கு யார் கட்டணம் கட்டுவது?

கும்மிடிப்பூண்டியிலும் புழல் காவாங்கரையிலும் இலங்கைத் தமிழர் முகாம்கள் இருக்கின்றன. எண்ணூர், திருவொற்றியூர் ஆலைப் பகுதிக்கு இரண்டுமே எட்டிய தொலைவுதான். 1983க்குப் பின் கடல் தாண்டி வந்தவர்களின் பேரப் பிள்ளைகள் இப்போது அங்கே பிளஸ் டூ எழுதுகிறார்கள். இங்குள்ள அரசு ஆஸ்பத்திரியில் பிறந்து, அரசுப் பள்ளியில் படித்தவர்கள். இலங்கையைக் கண்ணால் பார்க்காதவர்கள். ஆனாலும் அயல்நாட்டவர். 1987 ஜூலை 1 முதல் இந்திய மண்ணில் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருந்தால்தான் குடியுரிமை என்கிறது சட்டம்.

அயல்நாட்டு மாணவருக்கு நம் வரிப்பணத்தில் இலவசப் படிப்பு எதற்கு என்ற கேள்வியைத் தள்ளிவிட முடியாது. காசிமேட்டில் விசைப்படகில் கூலிக்குப் போகிறவரின் மகளுக்கும், அனல்மின் நிலையச் சாம்பலைச் சுவாசித்து வளர்ந்த எண்ணூர்ப் பையனுக்கும் அந்தப் பணத்தில் முதல் உரிமை உண்டு. அரசுப் பள்ளி மாணவருக்குத் தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு ஒதுக்கி, அவர்கள் கட்டணத்தை அரசே ஏற்பதாக 2021இல் அறிவித்ததன் நியாயம் அதுதான். வெளிநாட்டிலிருந்து வசதியோடு வந்து இங்கே சேர்கிற மாணவர் முழுக் கட்டணம் கட்டட்டும். அதில் அநீதி ஒன்றுமில்லை.

ஆனால் இடம் வேறு, கட்டணம் வேறு. கல்லூரி இடம் அளவானது; ஒருவருக்குக் கொடுத்தால் இன்னொருவருக்குக் குறையும். முகாம் பெண் பொதுப் போட்டியில் மதிப்பெண் வாங்கி இடம் பிடித்த பிறகு அவளிடம் பணம் கேட்பதால் காசிமேட்டுப் பெண்ணுக்குக் கூடுதலாக ஓர் இடம் கிடைத்துவிடாது. அவள் படிப்பை நிறுத்துவாள், அவ்வளவுதான். வரிப்பணம் என்ற வாதமும் பாதிதான் செல்லும். பெயின்ட் அடிக்கப் போகும் அவள் அப்பா, கடையில் சோப்பு வாங்கும்போது கட்டுகிற ஜிஎஸ்டியில் யாரும் தள்ளுபடி கொடுப்பதில்லை.

நம் பிள்ளைகள் கட்டணமில்லாப் படிப்பைத் தேடி ஜெர்மனிக்குப் போவதைப் பெருமையாகச் சொல்கிறோம். அங்கே பாடன்-வுர்ட்டெம்பெர்க் மாநிலம் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோரிடம் ஒரு செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. ஜெர்மனியிலேயே பள்ளி முடித்த அயல்நாட்டவருக்கும் அகதிகளுக்கும் விலக்கு உண்டு. எந்த நாட்டுப் பாஸ்போர்ட் என்பதைவிட எந்தப் பள்ளி என்பதை அந்த விதி முக்கியமாகக் கருதுகிறது. சரியான அளவுகோல். கும்மிடிப்பூண்டிக்கும் பொருந்தும்.

தமிழ்நாடு இதில் ஒரே மனதாக இருந்ததில்லை. ராஜீவ் காந்தி படுகொலைக்குப் பின் 1991இல் முகாம் பிள்ளைகளுக்குக் கல்லூரிக் கதவு அடைபட்டது. யாரோ செய்த கொலைக்குப் பள்ளிப் பிள்ளைகள் தண்டனை அனுபவித்தார்கள். கதவு பின்னர் திறந்தது. 2021 ஆகஸ்டில் முகாம்களுக்கென அரசு அறிவித்த 317.40 கோடி ரூபாய்த் திட்டங்களில், மதிப்பெண் வரிசையில் முதல் 50 பொறியியல் மாணவருக்குக் கல்வி, விடுதிக் கட்டணத்தை அரசே ஏற்பது ஒன்று. நல்ல தொடக்கம், ஆனால் ஐம்பத்தோராவது பிள்ளையின் வறுமை முதல் ஐம்பது பேரின் வறுமையைவிடக் குறைந்ததா? நாடு முழுக்க முகாமில் உள்ளோரைச் சேர்த்தாலும் அறுபதாயிரத்தைத் தாண்டாது. அதில் கல்லூரிக்குப் போகும் வயதினர் எத்தனை பேர் இருந்துவிடப் போகிறார்கள்?

இலங்கையில் 1945இல் கல்வி அமைச்சர் கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வி இன்றும் அரசுப் பல்கலைக்கழகம் வரை தொடர்கிறது. அப்படியானால் அங்கேயே போய்ப் படிக்கட்டுமே என்று கேட்பவர்கள், பிறந்த ஊரைவிட்டுப் பதினெட்டு வயதில் தனியே கப்பலேறச் சொல்கிறார்கள்.

இதைவிடக் கடினமான சிக்கல் பட்டம் வாங்கிய பிறகு வருகிறது. குடியுரிமை இல்லாதவருக்கு அரசு வேலை இல்லை. இந்தியப் பாஸ்போர்ட்டும் இல்லை. பொறியியல் படித்தவர் அப்பாவோடு பெயின்ட் வேலைக்கே திரும்புவது முகாம்களில் புதிதல்ல. கட்டணத்தைச் சென்னையிலிருந்து தள்ளுபடி செய்யலாம். குடியுரிமையை டெல்லிதான் கொடுக்க வேண்டும்; 2019இல் சட்டத்தைத் திருத்தியபோது அது இலங்கையைச் சேர்க்கவில்லை.