ஒரு நாள் சிங்கப்பூர்: காஹாங்கிலிருந்து செல்பவர் எதைப் பார்ப்பது?

பெருநகரம் ஒன்றில் ஒரு நாளோ இரண்டு நாளோ மட்டும் தங்கக் கிடைத்தவர், அந்தச் சிறு பொழுதை எதற்குக் கொடுப்பது என்பது பயண ஏற்பாட்டோடு முடிந்துவிடும் கேள்வி அன்று. எதை விட்டுவிடத் துணிகிறோம் என்பதே அதன் உள்ளடக்கமாதலால், அது வாழ்வைப் பற்றிய கேள்வியும் ஆகும். ஜொகூர் மாநிலத்தின் குளுவாங் மாவட்டத்தில், குளுவாங்கிலிருந்து மெர்சிங் செல்லும் சாலையில், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே அமைந்துள்ள காஹாங் போன்ற சிற்றூர்களில் வாழும் தமிழருக்கு இக்கேள்வி பெரும்பாலும் சிங்கப்பூரை முன்னிட்டே எழுகிறது.

அந்நகரம் அவர்களுக்கு அயலூர் என்று சொல்லிவிட முடியாது. 1909இல் ஜொகூர் ரயில் பாதை திறக்கப்பட்டதிலிருந்தே குளுவாங் தெற்கு நோக்கிய வழியில் ஒரு நிலையமாக இருந்துவருகிறது. 1923இல் ஜொகூரையும் சிங்கப்பூரையும் இணைக்கும் கடற்பாலத்தின் மேல் ரயில் ஓடத் தொடங்கியபின் நீரிணையும் தடையாக இல்லை. 1973 வரை இரு நாட்டு வெள்ளியும் ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் மாறிக்கொண்டன. இன்றோ ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கொடுக்க வேண்டியிருப்பதோடு, பள்ளி விடுமுறைக் காலத்தில் சோதனைச்சாவடி வரிசையிலேயே மணிக்கணக்கில் நிற்கவும் நேர்கிறது. இவ்வாறு பணமும் பொழுதும் ஒருசேரச் சுருங்கிய நிலையில், மெர்லயன் சிலை, மரினா பே, செந்தோசா, ஆர்ச்சர்ட் சாலை என்று பெயர்ப்பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுபவர், நாளின் பெரும்பகுதியை ரயிலிலும் நடைபாதையிலும் கழித்துவிட்டு, ஒவ்வோர் இடத்திலும் படம் எடுக்கும் நேரம் மட்டுமே நின்று திரும்புகிறார். பட்டியல் முடிந்துவிடும், ஆனால் அந்நகரம் எவ்வாறு உருவாயிற்று, தம் ஊருக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்பது அவருக்குத் தெரியாமலே போகும்.

தமிழில் பயண இலக்கியத்துக்கு வழிவகுத்தவராகக் கருதப்படும் ஏ. கே. செட்டியாரின் அனுபவம் இங்கே எண்ணத்தக்கது. காந்தியைப் பற்றிய ஆவணப்படத்துக்காகப் படச்சுருள்களைத் தேடி அவர் பல நாடுகளுக்குச் சென்றார். அப்படம் 1940இல் வெளிவந்தது. எந்த நகரத்தில் இறங்கினாலும் யாரைப் பார்ப்பது, எதைக் கேட்பது என்பதை அந்த ஒரு தேடலே அவருக்கு முடிவு செய்து கொடுத்தது. கேள்வியோடு செல்பவருக்கு நகரமும் பதில் சொல்லக்கூடியதாகிறது என்பதே இதிலிருந்து பெறத்தக்க பாடம்.

காஹாங்கிலிருந்து செல்பவர் அத்தகைய கேள்வியைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. மலேசியத் தமிழர் பால்மரம் என்றழைக்கும் ரப்பர் மரம் அவர்களுடைய முன்னோரின் வாழ்வைத் தீர்மானித்த மரம். அது எவ்வாறு இங்கு வந்தது என்பதே அக்கேள்வி. தென்னமெரிக்காவுக்குரிய அம்மரம் சிங்கப்பூர் வழியாகவே மலாய்த் தீபகற்பத்துக்கு வந்தது. தமிழர் பூமலை என்று வழங்கும் சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டம் 1859இல் தொடங்கப்பட்டு, 2015இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமாக ஏற்கப்பட்டது. 1877இல் லண்டன் கியூ தோட்டத்தின் ஏற்பாட்டில் 22 ரப்பர் கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. அவற்றுள் ஒரு பகுதி இங்கே நடப்பட, மற்றொரு பகுதி பேராக்கிலுள்ள கோலகங்சாருக்குச் சென்றது. 1888இல் இத்தோட்டத்தின் இயக்குநராகப் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் பால் எடுக்கும் முறையை இங்கேதான் ஆராய்ந்து செம்மைப்படுத்தினார்.

அதுவரை பிரேசில் காடுகளில் மரத்தைக் கோடரியால் கொத்திக் காயப்படுத்தியே பால் எடுத்தனர். ரிட்லியின் முறையில், பட்டையின் மேல் சாய்வான வெட்டு ஒன்று போடப்பட்டு, அடுத்தடுத்த முறைகளில் அதே வெட்டின் விளிம்பு மட்டும் மெல்லிய சீவலாகச் சீவி எடுக்கப்படும். பட்டைக்கு உள்ளே இருக்கும், மரத்தை வளர்க்கும் மெல்லிய படலத்தைக் கத்தி தொடாததால் பட்டை மீண்டும் வளரும். வெட்டிலிருந்து வழியும் பால் தகரத் தாரை வழியாக மங்குக்குள், அதாவது மரத்தில் கட்டப்பட்ட கிண்ணத்துக்குள் சொட்டும். வெயில் ஏறுவதற்கு முன்பே பால் நன்றாக ஓடும் என்பதால் தோட்டத்து மக்களின் நாள் இருட்டிலேயே தொடங்கியது. பிரட்டு எனப்படும் விடியற்காலைப் பெயர் கூப்பிடும் வழக்கமும், தாய்மார் குழந்தைகளை ஆயக்கொட்டகையில் விட்டுச் சென்றதும் மரத்தின் இவ்வியல்போடு பிணைந்தவையே. தம் பாட்டி வெட்டிய மரத்தின் வரலாற்றை அறிந்து பூமலைக்குள் நுழைபவருக்கு அது வெறும் பூங்காவாகத் தோன்றாது. அதற்கு நுழைவுக் கட்டணமும் இல்லை. உள்ளே இருக்கும் தேசிய ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டுமே கட்டணம் உண்டு.

இக்கேள்வியைத் தொடர்ந்தே நகரத்தின் மற்ற பகுதிகளையும் சேர்த்துக்கொள்ளலாம். பூமலையை ஒட்டிய நிலையத்திலிருந்து டவுன்டவுன் பாதையில் ஏறினால் லிட்டில் இந்தியா மூன்றாவது நிறுத்தம். தேக்கா சந்தையில் பசியாறிவிட்டு, 2015இல் திறக்கப்பட்ட இந்திய மரபுடைமை நிலையத்தைப் பார்த்து, அதே பாதையில் சைனாடவுன் வரை சென்றால், 1819இல், சிங்கப்பூரில் பிரிட்டிஷ் குடியேற்றத்தை நிறுவிய ராஃபிள்ஸோடு வந்த நாராயண பிள்ளையின் முயற்சியால் 1827இல் எழுந்த ஸ்ரீ மாரியம்மன் கோவிலை அடையலாம். ரப்பர் வருவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே தமிழர் இங்கே செங்கல் சூளை வைத்தும் வணிகம் செய்தும் வாழ்ந்தனர் என்பது அங்கே புலப்படும். 1935இல் கோ. சாரங்கபாணி சிங்கப்பூரில் தொடங்கிய தமிழ் முரசு மலாயாத் தோட்டங்களிலும் படிக்கப்பட்டது என்பதை இவற்றோடு சேர்த்து எண்ணினால், நகரமும் தோட்டமும் ஒரே வரலாற்றின் இரு பக்கங்கள் என்பது தெளிவாகும்.

ஒரே கேள்வியைப் பற்றிச் செல்வது பார்வையைக் குறுக்கிவிடாதா என்று கேட்கலாம். குறுக்கும் என்பது உண்மையே. ஆயினும் ஒரு நாளில் முழு நகரத்தையும் எவ்வகையிலும் பார்க்க முடியாது என்பதால், எதை விடுவது என்பதைக் கால்வலியும் கூட்டமும் தீர்மானிப்பதைவிட நாமே தீர்மானிப்பது மேல். குடும்பத்தோடு செல்லும்போது பிள்ளைகளின் விருப்பத்துக்கும், முஸ்தபா கடைத்தொகுதியில் பொருள் வாங்குவதற்கும் இடம் கொடுத்தே ஆக வேண்டும். கடைக்குச் செல்வதைக் கடைசியில் வைத்துக்கொண்டால் பை சுமந்து அலைவது குறையும்.

இந்நெறி காஹாங்கைத் தேடி வருபவருக்கும் பொருந்தும். எண்டாவ் ரொம்பின் தேசியப் பூங்காவுக்குக் காஹாங் வழியாக கம்போங் பெத்தா செல்லும் நகரத்தார் பலர், அருவியை மட்டும் பார்த்துவிட்டு, அக்காட்டைத் தலைமுறைகளாக அறிந்த ஜக்குன் பழங்குடி மக்களிடம் ஒரு கேள்வியும் கேட்காமல் திரும்புகின்றனர். ஆதலால் பயணத்துக்கு நாள் குறிப்பவர்கள் இடங்களின் பட்டியலை எழுதுவதற்கு முன், தெரிந்துகொள்ள விரும்பும் ஒரு செய்தியை முதலில் எழுதிவைக்க வேண்டும். அதற்கு வீட்டில் இருக்கும் முதியவர்களைக் கேட்பதே எளிய தொடக்கம்.