வாசலில் காவல் வேண்டுமா?



போன வருஷம் எங்கள் கோயில் இளைஞர் பகுதியில் மூன்று பேர் சேர்ந்து ஒரு சின்னச் செயலி செய்தோம். தேவார வகுப்புப் பிள்ளைகளுக்கானது. வகுப்பு நேரம், அந்த வாரப் பதிகம், ஆசிரியர் பாடிய ஒலிப்பதிவு, அவ்வளவுதான். பிளே ஸ்டோரில் போடலாம் என்று பார்த்தால் 25 அமெரிக்க டாலர் கட்ட வேண்டும். புதிதாகத் தனிநபர் கணக்குத் திறப்பவர்கள் 12 பேரை வைத்து 14 நாள் சோதித்துக் காட்டவும் வேண்டும். திருமுறை விழாவுக்கோ ஒரு வாரம்தான் இருந்தது. "ஏ.பி.கே. கோப்பாவே அனுப்பிடலாம், யார் கேக்கப் போறா?" என்று சொன்னது நான்தான். பெற்றோர் புலனக் குழுவில் அனுப்பினோம். "கைப்பேசி எச்சரிக்கை காட்டும், பயப்படாமல் அனுமதி என்பதை அழுத்துங்கள்" என்று படம் போட்டு விளக்கமும் கொடுத்தோம்.

நாலு மாதம் கழித்து, அதே குழுவில் இருக்கும் என் அத்தை வீடு சுத்தம் செய்ய ஆள் தேடினார். பாசிர் கூடாங்கில் ஷிஃப்ட் வேலை, வீட்டு வேலைக்கு நேரம் கிடைப்பதில்லை. இணையத்தில் ஒரு விளம்பரம் பார்த்துக் கேட்டிருக்கிறார். அவர்கள் ஒரு கோப்பை அனுப்பி, "இதில் பதிவு செய்து 10 ரிங்கிட் முன்பணம் கட்டுங்கள்" என்றார்கள். கைப்பேசி எச்சரித்தது. அத்தை பயப்படாமல் அனுமதியை அழுத்தினார். மறுநாள் காலை கணக்கில் 3,400 ரிங்கிட் இல்லை.

அத்தை என்னைத் திட்டவில்லை. "நீ சொல்லிக் கொடுத்த மாதிரிதாண்டா செஞ்சேன்" என்றார். அன்றிலிருந்து ஒரு கேள்வி என்னை விடவில்லை. ஒரு செயலி மக்கள் கைக்குப் போகும் முன் யாராவது அதைச் சோதிக்க வேண்டுமா? சோதிக்கும் அதிகாரத்தை யாரிடம் கொடுப்பது?

இது அத்தைக்கு மட்டும் நடந்ததல்ல. 2022 ஏப்ரலில் ஈசெட் என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனம், மலேசியாவின் 8 வங்கிகளின் வாடிக்கையாளர்களைக் குறிவைத்த போலிச் செயலிகளைப் பற்றி அறிக்கை வெளியிட்டது. வீடு சுத்தம் செய்யும் சேவைகள் போல வேஷம் போட்டவையும் அவற்றில் இருந்தன. போலி இணையப் பக்கத்தில் பிளே ஸ்டோர் பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் கோப்பு திருடனின் சர்வரிலிருந்து இறங்கும். செயலிக்குள் போலி வங்கிப் பக்கம் வந்து கடவுச்சொல்லை வாங்கிக்கொள்ளும். வங்கி குறுஞ்செய்தியில் அனுப்பும் ஓ.டி.பி. எண்ணையும் செயலியே திருடனுக்கு அனுப்பிவிடும். அதே ஆண்டு செப்டம்பரில் பேங்க் நெகாரா, குறுஞ்செய்தி ஓ.டி.பி. முறையை விட்டு மாறும்படி வங்கிகளைக் கேட்டுக்கொண்டது.

அப்படியென்றால் பதில் எளிதுதானே, கடை சோதித்த செயலி மட்டும் போதும் என்று தோன்றும். வரலாறும் அந்தப் பக்கமே சாய்கிறது. ஆப்பிள் 2008 ஜூலையில் கடை திறந்தபோதே ஒவ்வொரு செயலியையும் பார்த்துத்தான் உள்ளே விட்டது. அதே ஆண்டு அக்டோபரில் வந்த ஆண்ட்ராய்டு சந்தையில் யார் வேண்டுமானாலும் நேராகப் போடலாம். ஆனால் 2012இல் கூகுள் தானியங்கிச் சோதனையைக் கொண்டுவந்தது. வெளியிடும் முன் ஆட்களும் பார்க்கிறார்கள் என்று 2015இல் அறிவித்தது. வாசலைத் திறந்து வைத்தவர்களே காவல் போட வேண்டி வந்தது.

ஆனால் காவல் இருந்தும் திருடன் உள்ளே வரவில்லையா? இந்தியாவின் கடன் செயலிகளைப் பாருங்கள். சில ஆயிரம் ரூபாய் கடன் கொடுத்துவிட்டு, கைப்பேசியில் உள்ள தொடர்பு எண்கள், படங்கள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு மிரட்டினார்கள். அவமானம் தாங்காமல் உயிரை விட்டவர்கள் உண்டு. ரிசர்வ் வங்கியின் பணிக்குழு 2021இல் கண்ட சுமார் 1,100 கடன் செயலிகளில் 600 சட்டவிரோதமானவை. 2021 ஏப்ரல் முதல் 2022 ஜூலை வரை கூகுள் தன் கடையிலிருந்து 2,500க்கும் மேற்பட்ட கடன் செயலிகளை நீக்கியது. அத்தனையும் கடைக்குள் இருந்தவைதானே! "கடையில இருக்கு, அதனால நல்லது" என்று நம்பியவர்கள்தான் ஏமாந்தார்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு. 2019 அக்டோபரில், ஹாங்காங் போராட்டத்தின்போது போலீஸ் எங்கே நிற்கிறது என்று காட்டிய வரைபடச் செயலியை ஆப்பிள் நீக்கியது. சீன அரசுப் பத்திரிகை கண்டித்த மறுநாளே அது நடந்தது. 2021 செப்டம்பரில் ரஷ்யத் தேர்தல் நேரத்தில், எதிர்க்கட்சித் தலைவர் நவால்னி அணியின் செயலியை ஆப்பிளும் கூகுளும் எடுத்துவிட்டன. திருடனைத் தடுக்கக் கட்டிய கதவு, குரலைத் தடுக்கவும் உதவியது.

இங்கே எனக்கு நந்தனார் நினைவுக்கு வருகிறார். பெரியபுராணத்தில் திருநாளைப்போவார். திருப்புங்கூரில் வெளியே நின்று சிவனைப் பார்க்க முடியாமல் தவித்தவருக்காக நந்தியே விலகிய கதை நமக்குத் தெரியும். இன்றும் அங்கே நந்தி விலகித்தான் இருக்கிறது. கோயிலுக்குக் காவல் வேண்டாம் என்று அந்தக் கதை சொல்லவில்லை. உள்ளே வருபவன் என்ன தீங்கு செய்வான் என்று பார்க்காமல், எந்தக் குலத்தில் பிறந்தான் என்று பார்த்து நிறுத்திய காவல் தர்மம் அல்ல என்றுதான் சொல்கிறது.

செயலிக்கும் இதைப் பொருத்திப் பார்க்கிறேன். ஒரு செயலி ஒருவகையில் லாரி மாதிரி. பிரேக் பிடிக்கவில்லை என்றால் சாலையில் போகிற யாரோ சாவார்கள். அதனால்தான் புஸ்பகோம் சோதனை இருக்கிறது. அதை யாரும் சுதந்திரப் பறிப்பு என்று சொல்வதில்லை. இன்னொரு வகையில் செயலி புத்தகம் மாதிரி. அது என்ன சொல்லலாம் என்று ஒரு கம்பெனி முடிவு செய்வது ஆபத்து. ஆகவே குறுஞ்செய்தியைப் படிக்கிறதா, பணத்தைத் தொடுகிறதா, கேட்கும் அனுமதிக்குக் காரணம் உண்டா, இவற்றைக் கண்டிப்பாகச் சோதிக்கட்டும். கருத்தைச் சோதிக்க வேண்டாம். விதிகள் எழுத்தில் இருக்க வேண்டும். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். கடைக்கு வெளியே உள்ள ஒருவரிடம் முறையிட வழி இருக்க வேண்டும். வேறு கடைகளும் இருக்கட்டும். ஆனால் அவசரத்தில் ஓர் அழுத்தலில் திறக்கிற கதவாக அது இருக்கக் கூடாது.

கூகுள் 2025 ஆகஸ்டில் புதிய திட்டம் ஒன்றை அறிவித்தது. கடைக்கு வெளியே கொடுக்கும் செயலியானாலும், செய்தவர் தன் அடையாளத்தைப் பதிய வேண்டும். 2026 செப்டம்பரில் சிங்கப்பூர், இந்தோனேசியா, தாய்லாந்து, பிரேசில் ஆகிய நாடுகளில் தொடங்கும் என்றார்கள். பாலம் தாண்டினால் சிங்கப்பூர், நமக்கும் வர நாளாகாது. பொறுப்பு ஏற்பவன் பெயர் சொல்வது நியாயம்தான். ஆனால் "நீ யார்" என்ற கேள்வி, "இது என்ன செய்கிறது" என்ற கேள்விக்குப் பதிலாகிவிடாது.

திருக்குறளில் 51ஆம் அதிகாரம் தெரிந்து தெளிதல். ஆராயாமல் நம்புவது, நம்பிய பின் சந்தேகிப்பது, இரண்டுமே தீராத துன்பம் என்கிறார் வள்ளுவர். நான் முதல் தவற்றைச் செய்தேன். அதோடு நிற்காமல் அறுபது குடும்பங்களுக்குக் கற்றும் கொடுத்தேன். என் செயலியில் தீங்கு எதுவும் இல்லை, உண்மை. ஆனால் நல்லவன் பழக்கிவிட்ட வழியில்தான் திருடன் நடந்து வந்தான். அடுத்தவருக்காக ஒன்றைச் செய்பவனுக்கு நல்ல எண்ணம் மட்டும் போதாது. சோதனைக்கு உட்படுவதும் அவன் தர்மம்.

அந்தக் கோப்பைக் குழுவிலிருந்து நீக்கினோம். ஏன் நீக்கினோம் என்று எழுதி மன்னிப்பும் கேட்டேன். பிறகு 25 டாலர் கட்டி, 12 பேரைத் தேடினோம். முதல் ஆளாக அத்தையைக் கேட்டேன். தயங்கித்தான் ஒத்துக்கொண்டார். இரண்டாம் நாள் அழைத்தார்.

"ஏண்டா, பாட்டு கேக்குற செயலிக்கு என் போட்டோவெல்லாம் எதுக்கு?"

பார்த்தால், ஆரம்பத்தில் நாங்கள் சேர்த்து, பிறகு தேவையில்லாமல் போன அனுமதி ஒன்று அப்படியே கிடந்தது. மூன்று பொறியியல் மாணவர்கள் கண்ணில் படாதது அத்தை கண்ணில் பட்டது. அன்றிரவே எடுத்துவிட்டோம்.

நண்பர்களே, உங்கள் அம்மா, பாட்டி கைப்பேசியை இன்றைக்கே ஒருமுறை பாருங்கள். ஏமாந்தது தெரிந்தால் வெட்கப்பட்டு உட்காராமல் உடனே 997க்கு அழையுங்கள். கோயில் குழுவில் யாராவது ஏ.பி.கே. கோப்பு அனுப்பினால், அனுப்பியது நானாகவே இருந்தாலும், திறக்காதீர்கள்.