அணிநடையும் இடுப்பெலும்பும்

பெண்களைப் போர்முனைக்கு அனுப்பும் பேச்சு எழும்போதெல்லாம் அவர்களின் உடல்நலம் பற்றிய கவலை முந்திக்கொண்டு வருகிறது. பெரும்பாலும் கதவை அடைக்கத்தான். 2020இல், ராணுவப் பெண் அதிகாரிகளுக்கு நிரந்தரப் பணி கோரிய பபிதா புனியா வழக்கில் இந்திய அரசும் பெண்களின் உடற்கூற்றைக் காரணம் காட்டியது. உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. மறு ஆண்டு அதே உரிமைக்கான நிதிஷா வழக்கில் இன்னொன்று தெரியவந்தது: ஆண் அதிகாரிகள் இளவயதில் கடக்கும் மருத்துவத் தேர்வை, நிரந்தரப் பணி பல ஆண்டு மறுக்கப்பட்ட பெண்களுக்கு நடுவயதில் வைத்திருந்தார்கள். தாமதம் ராணுவத்தினுடையது, தண்டனை பெண்களுக்கு.

அதற்காக உடல் வேறுபாடே இல்லை என்று சாதிப்பதும் நேர்மையல்ல. ஆஸ்திரேலிய ராணுவப் பயிற்சியில் பெண்களின் இடுப்பெலும்பில் விரிசல் விழுந்துகொண்டே இருந்தது. ஆண்களோடு ஒரே வேகத்தில், ஒரே நீளத்துக்கு அடி எடுத்து வைக்க வேண்டியிருந்ததும் ஒரு காரணம். அணிநடை வேகத்தைக் குறைத்து, அவரவர் அடியில் நடக்கவிட்டு, ஓட்டத்தை மென்மையான தரைக்கு மாற்றினார்கள். 11.2 சதவீதமாக இருந்த பாதிப்பு 0.6 ஆனது. 1999இல் ஆய்வாகவே வெளிவந்த செய்தி இது. பிறகும் பிரிட்டனில், ஆண்களின் அடிக்கு ஈடுகொடுத்து நடந்து இடுப்பெலும்பு முறிந்த விமானப்படைப் பெண்களுக்கு 2013 வாக்கில் பாதுகாப்பு அமைச்சகம் இழப்பீடு தர நேர்ந்தது. அறியாமல் நேர்ந்ததை விபத்து எனலாம். தெரிந்த பின்னும் நடந்ததற்கு என்ன பெயர்?

தரத்தைத் தளர்த்தினால் சக வீரரின் உயிருக்கு ஆபத்து என்பார்கள். நியாயமான அச்சம்தான். 155 மி.மீ. பீரங்கிக் குண்டு ஏறத்தாழ 43 கிலோ. யார் தூக்கினாலும் எடை குறையாது. அதைத் தூக்கும் தேர்வில் சலுகை கூடாது. ஆனால் ஒரே தாளத்தில் அடிவைப்பது போர்த்திறன் அல்ல, அணிவகுப்பின் அழகு. (அந்த அழகுக்கு ஆண்களின் எலும்பும் சில நேரம் பலியாகிறது.)

இதைவிடச் சிக்கலானது மௌனம். போதிய உணவின்றிக் கடும்பயிற்சி செய்தால் மாதவிடாய் நிற்கலாம், எலும்பு வலுவிழக்கும். மருத்துவரிடம் சொன்னால் 'இதற்குத்தான் பெண்கள் வேண்டாம் என்றோம்' என்பார்களோ என்று பயந்து, வலியை மறைத்தே ஓடுகிறவர்கள் உண்டு. தன் உடல் தனக்கெதிரான சாட்சியாகும் இடத்தில் யார் வாய்திறப்பார்? பெண்களைப் படைக்கு அழைக்கும் அரசு, வலியைச் சொன்னவரின் பதவி உயர்வு அதனால் தடைபடாது என்று விதியிலேயே எழுத வேண்டும். சீருடை கழற்றிய பின் தலைகாட்டும் இடுப்புவலியின் மருத்துவச் செலவும் அந்த அரசின் கணக்கில்தான் சேர வேண்டும்.