யாருடைய பண்டிகைக்கு யார் வேலைக்குப் போவது?

2014 டிசம்பர் 24, மாலை ஆறு மணி. ஜப்பானின் நகானோ மாநிலத்தில் ஒரு சிறு நகரம். ஆங்கிலப் பயிற்சி மையம் ஒன்றின் இரண்டாவது மாடியில், வயிற்றில் தலையணையைக் கட்டிக்கொண்டு, பஞ்சுத் தாடி உதட்டில் ஒட்ட, சிவப்பு அங்கியில் நின்றுகொண்டிருந்தேன். எதிரில் பதினாறு பிள்ளைகள். முன்வரிசையில் இருந்த ஒரு பையன் என் கையையே உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "சாந்தா-சான், உங்க கை ஏன் கறுப்பா இருக்கு?"

"புகைபோக்கி வழியா வந்தேன், அதான்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கிள்ளானில் பிறந்து, இரண்டு முறை தைப்பூசத்துக்குக் காவடி எடுத்தவன் நான்.

அந்தச் சிரிப்பைப் பற்றி இப்போது எழுதக் காரணம் உண்டு. பொய்யில் யாருக்கும் கெடுதல் இல்லாத பொய் என்று ஒன்று இருக்கிறதா என்ற கேள்வி அங்கேதான் எனக்குத் தொடங்கியது. அன்று எனக்கு அது கேள்வியாகக்கூடத் தோன்றவில்லை.

ஜப்பானில் கிறிஸ்துமஸ் ஒரு விசித்திரமான நாள். மக்கள்தொகையில் கிறிஸ்துவர்கள் ஏறக்குறைய ஒரு விழுக்காடுதான். டிசம்பர் 25 வேலை நாள். ஆனாலும் நகரமெங்கும் விளக்கு அலங்காரம். ஸ்ட்ராபெரியும் வெள்ளைக் கிரீமும் வைத்த கேக்குக்கு வாரக்கணக்கில் முன்பதிவு. கே.எஃப்.சி. 1970களில் செய்த விளம்பரத்தின் பலனாக, அன்றிரவு பொரித்த கோழி சாப்பிடுவது வழக்கமாகிவிட்டது. கடை வாசலில் நிற்கும் கர்னல் சாண்டர்ஸ் சிலைக்கும் சாந்தா உடை மாட்டிவிடுவார்கள். 26ஆம் தேதி காலையில் எல்லாவற்றையும் கழற்றி எடுத்துவிட்டு, புத்தாண்டுக்கு மூங்கிலும் பைன் கிளையும் வைப்பார்கள். குடும்பம் கூடுவது புத்தாண்டுக்குத்தான். ஒரு காலத்தில் டிசம்பர் 25 அங்கே பொது விடுமுறையாகவும் இருந்தது, கிறிஸ்துவுக்காக அல்ல. 1926இல் அதே நாளில் மறைந்த தைஷோ பேரரசரின் நினைவாக, 1927 முதல் 1947 வரை.

இப்படிப்பட்ட ஊரில், ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் வெளிநாட்டுக்காரன் என்றால் கிறிஸ்துமஸும் அவனோடு பெட்டியில் வந்திருக்கும் என்று எதிர்பார்ப்பார்கள். பெரியவர்களுக்கான வகுப்பில் ஒருவர் கேட்டார், "உங்க வீட்டுல எப்படிக் கொண்டாடுவீங்க?" உண்மையைச் சொல்லியிருக்கலாம். "எங்க வீட்டுல கொண்டாட மாட்டோம், நாங்க தீபாவளி" என்று ஆங்கிலத்தில் சொல்ல அரை நிமிடம் போதும். நான் என்ன செய்தேன் என்றால், எங்கள் தாமானில் பக்கத்து வீட்டு டீச்சர் ஆன்ட்டியின் கிறிஸ்துமஸை எடுத்து என்னுடையதாகச் சொன்னேன். வீடு வீடாகப் பாட்டுப் பாடி வருகிறவர்கள், நள்ளிரவுப் பூசை, அச்சு முறுக்கு, ஆட்டுக்கறிப் பிரட்டல், பாத்திரத்தில் மூடி எங்கள் வீட்டுக்கு வரும் கேக் துண்டுகள். ஒவ்வொன்றும் நான் பார்த்தது. ஆனால் நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தது. கதையில் அந்த வேலியை மட்டும் எடுத்துவிட்டேன்.

"அம்மாவை விட்டு இவ்வளவு தூரத்துல... தனிமையா இருக்குமே" என்றார் ஒரு மூதாட்டி. "ஆமாம்" என்றேன். மறுவாரம் அவர் எனக்கென்று ஒரு சின்னக் கேக் வாங்கி வந்தார். வாங்கிக்கொண்டேன். இரண்டு மாதங்களுக்கு முன், அக்டோபர் 22, தீபாவளி. அன்று நான் உண்மையிலேயே தனியாக இருந்தேன். அறையில் நல்லெண்ணெய் கிடைக்காமல் ஆலிவ் எண்ணெயைத் தலையில் தடவிக் குளித்துவிட்டு வேலைக்குப் போனேன். யாரிடமும் சொல்லவில்லை. அக்டோபரில் வந்திருக்க வேண்டிய ஆறுதல் டிசம்பரில் விலாசம் மாறி வந்திருக்கிறது, வாங்கிக்கொண்டால் என்ன தப்பு என்றுதான் அப்போது நினைத்தேன்.

என்னோடு அதே மையத்தில் பிலிப்பீன்ஸ் நாட்டுத் தோழி ஒருத்தி வேலை செய்தாள். கத்தோலிக்கப் பெண். அவர்களுடைய நாட்டில் டிசம்பர் 16 முதல் 24 வரை ஒன்பது நாளும் விடியுமுன் பூசைக்குப் போவார்களாம். இங்கே தேவாலயம் ரயிலில் அரை மணி நேரத் தொலைவு. 24ஆம் தேதி இரவுப் பூசைக்காவது போகவேண்டும் என்று விடுப்புக் கேட்டிருந்தாள். ஆள் இல்லை என்று நிர்வாகம் மறுத்துவிட்டது. அவளுக்கு அன்று ஒன்பது மணிவரை வகுப்பு. எனக்குச் சாந்தா வேடம் ஏழு மணியோடு முடிந்தது. நான் உடையை மடித்து வைத்துவிட்டு, அவளுடைய வகுப்பறைக் கண்ணாடிக் கதவைத் தாண்டி, கையசைத்துவிட்டு, வீட்டுக்கு நடந்தேன். பனி கொட்டிக்கொண்டிருந்தது. வழியில் பொரித்த கோழி வாங்கினேன்.

அந்த இரண்டு மணி நேர வகுப்பை நான் எடுத்திருக்கலாம். அது எனக்குத் தோன்றவே இல்லை. கெட்ட எண்ணம் இருந்தால் அதோடு சண்டை போட்டிருக்கலாம். இங்கே எண்ணமே இல்லை.

வசந்த காலத்தில் ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பினேன். 2015 தீபாவளிக்கு வீட்டு வாசலில் விளக்கேற்றிய படத்தை முகநூலில் போட்டேன். அவளிடமிருந்து செய்தி வந்தது. "நீ இந்துவா? எனக்குத் தெரியவே தெரியாது. அன்னைக்கு என் வகுப்ப பாத்துக்க முடியுமான்னு உன்கிட்ட கேக்கலாம்னு இருந்தேன். உனக்கும் அது கிறிஸ்துமஸ் ஆச்சே, எப்படிக் கேக்குறதுன்னு விட்டுட்டேன்." பக்கத்தில் ஒரு சிரிக்கும் பொம்மை முகம்.

தடுப்புச் சுவர் மெல்லியது. நான் வகுப்பில் சொன்ன கதையெல்லாம் அவள் காதிலும் விழுந்திருக்கிறது.

அதுவரை எனக்கு நானே சொல்லிக்கொண்ட நியாயங்கள் வலுவாகத்தான் இருந்தன. ஜப்பானியர்களின் கிறிஸ்துமஸே மதத்திலிருந்து கழன்று வந்த ஒன்று, அதில் நான் வேடம் போட்டால் யார் ஏமாறுகிறார்கள்? பிள்ளைகள் சந்தோஷப்பட்டார்கள். மூதாட்டி கொடுத்ததில் மகிழ்ந்தார். ஒரு பண்டிகையைக் கொண்டாட நம்பிக்கைச் சான்றிதழ் வேண்டுமா? இந்த வாதங்களை இன்றும் நான் முழுதாகத் தள்ளவில்லை. பிழை சிவப்பு அங்கியில் இல்லை. யாரிடம் பொய் சொல்கிறோமோ அவர்களை மட்டும் கணக்கில் எடுத்ததில் இருக்கிறது. பொய்யைக் கேட்டுக்கொண்டு சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவளை நான் எண்ணவில்லை. அவளிடமிருந்து நான் எதையும் பறிக்கவில்லை, ஆனால் என்னிடம் கேட்கும் வழியை அடைத்துவிட்டேன்.

மலாக்கா செயின்ட் பால் குன்றில் கை உடைந்த ஒரு வெள்ளைச் சிலை நிற்கும். பிரான்சிஸ் சேவியர். தமிழகத்து முத்துக்குளித்துறையில் ஜெபங்களைத் தமிழில் சொல்லிக்கொடுத்தவர். 1547இல் மலாக்காவில் அஞ்சிரோ என்ற ஜப்பானியரைச் சந்தித்து, 1549இல் ககோஷிமா போய் இறங்கினார். அஞ்சிரோவின் மொழிபெயர்ப்பை நம்பி, கடவுளுக்கு 'டைனிச்சி' என்ற சொல்லைப் பயன்படுத்தினார். அது ஒரு புத்தரின் பெயர் என்று பின்னால்தான் தெரிந்தது. தெரிந்ததும், டைனிச்சியை வணங்காதீர்கள் என்று தாமே எதிர்ப்பிரசங்கம் செய்தார். அவருடைய சமயப் பணியைப் பற்றி நமக்கு வேறு வேறு கருத்து இருக்கலாம். ஆனால் அந்நிய ஊரில் பாடம் சொல்லப் போன ஒருவர், சபையில் சொன்ன தப்பைச் சபையிலேயே திருத்தினார். அவர் தெரியாமல் சொன்னார். நான் தெரிந்து சொன்னேன், திருத்தவும் இல்லை.

இதில் எனக்கு அதிகம் உறுத்துவது, நான் எந்த ஊரிலிருந்து போனேன் என்பது. நம்முடைய பல்லின வாழ்க்கையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் திறந்த இல்ல உபசரிப்பைச் சொல்வோம். மந்திரிகள் படம் எடுத்துக்கொள்வது அங்கேதான். ஆனால் நான் வளர்ந்த வீட்டில் பார்த்தது வேறொன்று. அம்மா அரசாங்க மருத்துவமனையில் தாதி. தீபாவளிக்கு அவருடைய ஷிஃப்டை ஒரு மலாய்த் தோழி எடுத்துக்கொள்வார். நோன்புப் பெருநாள் அன்று அம்மா விடிகாலையில் கிளம்பிப் போய் இரவில் வருவார். கால் வீங்கியிருக்கும். "ஏம்மா, லீவு நாள்ல போறீங்க?" என்று ஒருமுறை சிணுங்கினேன். "தீபாவளிக்கு எனக்காக நின்னவ. அவ பெருநாளுக்கு நான் நிக்கலன்னா அப்புறம் என்னா மனுஷி லா நானு?" என்றார்.

இது வெறும் கொடுக்கல் வாங்கல் என்று சிலர் சொல்லலாம். கணக்கு இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் விருந்துக்குப் போகிறவன் பண்டிகையில் பங்கெடுக்கிறான். ஷிஃப்டை எடுக்கிறவன் பண்டிகைக்கு வெளியே நிற்கிறான், இன்னொருவர் உள்ளே போகட்டும் என்று. அவனை யாரும் படம் பிடிப்பதில்லை. மற்றவருடைய புனிதத்தை மதிப்பது என்றால், அதில் கலந்துகொள்வதைவிட இதுவே மேலானது என்று நினைக்கிறேன். இதற்கு ஒரு முன்நிபந்தனையும் உண்டு. எது உன் நாள், எது என் நாள் என்று இருவரும் உண்மையைச் சொல்லியிருக்கவேண்டும். எல்லா நாளும் என் நாள்தான் என்று தாராளமாகச் சொல்லிக்கொள்கிறவனிடம் யாரும் ஷிஃப்டை மாற்றிக் கேட்க முடியாது. என் வேடத்தின் தாராளம் அப்படித்தான் ஆயிற்று.

வெளிநாட்டில் இருக்கும்போது, உள்ளூர்க்காரர்கள் நம்மை என்னவாக நினைக்கிறார்களோ அதுவாகவே இருந்துவிடுவது எளிது. அது பணிவு மாதிரிகூடத் தெரியும். ஆனால் "நாங்க தீபாவளி" என்று அக்டோபரிலேயே சொல்லியிருந்தால் எனக்கு ஒரு கேக் குறைந்திருக்கும், அவளுக்கு ஒரு பூசை கிடைத்திருக்கும்.

அவளுக்கு மன்னிப்புக் கேட்டு நீளமாக எழுதினேன். "பரவாயில்லை, அடுத்த தடவை" என்று பதில் போட்டாள். அடுத்த தடவை என்று ஒன்று வராது என்பது இருவருக்கும் தெரியும். அவள் அப்போதும் அதே மையத்தில்தான் இருந்தாள். டிசம்பர் இன்னும் வந்திருக்கவில்லை.

"இந்த வருஷம் உன் வகுப்பை யார் எடுப்பாங்க?" என்று கேட்டேன்.

"இன்னும் யாருகிட்டயும் கேக்கல" என்றாள்.