ஒரு தம்ளர் காபி

என் தங்கையின் கணவர் என்னை மச்சான் என்றுதான் கூப்பிடுவார். வழக்கு தொடங்கிய பிறகு ‘சார்’ ஆகிவிட்டேன். ஞாயிறுதோறும் காலை பத்து மணிக்குப் பையனை வாசலில் அவரிடம் விட்டு, மாலை ஐந்து மணிக்குத் திரும்ப அழைத்துக்கொள்வது தாய்மாமனான என் வேலை. என் மடியில் உட்காரவைத்துத்தான் அவனுக்குக் காது குத்தினார்கள். அன்று அவன் திமிறாமல் காலைப் பிடித்துக்கொண்டவர் அவர். இப்போது கேட்டுக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான்.

மனு போட்டபோது பையனுக்கு நாலரை வயது. 1956-ஆம் ஆண்டு வந்த இந்துக்களுக்கான காப்பாளர் சட்டம் தகப்பனைத்தான் முதலில் வைக்கிறது. ஆனாலும் ஐந்து வயது நிரம்பாத பிள்ளை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்கிறது. எங்கள் வக்கீல் அதை நம்பி நிம்மதியாக இருந்தார். வாய்தா மேல் வாய்தா வாங்கி உத்தரவு வருவதற்குள் அவன் இரண்டாம் வகுப்புக்குப் போய்விட்டான். அதில் வேறொரு சங்கடம். விவரம் தெரிந்த பிள்ளையானால் அதன் விருப்பத்தையும் கேட்கலாம் என்று 1890-ஆம் ஆண்டுச் சட்டம் இடம் கொடுக்கிறது. நீதிபதி அவனை மட்டும் தன் அறைக்கு அழைத்துப் பேசினார். வெளியே வந்ததும் இரண்டு பக்கத்து உறவும் மொய்த்துக்கொண்டது. என்ன சொன்னே, என்ன சொன்னே? ‘ஒண்ணுக்கு வருது’ என்றான். அழைத்துப் போனேன். சும்மா நின்றுவிட்டுத் திரும்பினான்.

குழந்தை பெற்றோரின் உடைமையோ விளையாட்டுப் பொருளோ அல்ல என்று, சென்னையிலிருந்து போன ரோஸி ஜேக்கப் வழக்கில் 1973-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எங்கள் வீட்டிலும் யாரும் அதை மறுக்கமாட்டார்கள். ஆனால் ஐந்து மணிக்கு அவன் செருப்பைக் கழற்றுவதற்குள் விசாரணை ஆரம்பித்துவிடும். என்ன சாப்பிட்டே? யாரெல்லாம் வந்தாங்க? அம்மாவைப் பத்தி ஏதாவது பேசினாங்களா? கேட்டவர்களில் முதல் ஆள் நான். எதிர்த்தரப்பு வக்கீலே அவ்வளவு நுணுக்கமாகக் கேட்டிருக்கமாட்டார். பையனும் தேறிவிட்டான். அங்கே பிடிக்கவே இல்லை என்று இங்கே சொல்வான். இதையே திருப்பி அங்கேயும் சொல்வான் என்று எனக்குத் தோன்றவே வெகுநாள் ஆயிற்று.

2022-ல் ஒரு செய்தி வந்தது. பிள்ளையைப் பார்க்க வரும் பிரிந்த கணவரை விருந்தாளியாக நடத்தி, டீயும் பலகாரமும் கொடுக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் உத்தரவிட்டிருந்தார். வீட்டில் படித்துச் சிரித்தோம். மேல்முறையீட்டில் இரு நீதிபதிகள் அமர்வு அதை ரத்து செய்தது. அதுதான் சரி. அடி உதை வாங்கி வெளியேறிய பெண்ணிடம் போய் டீ போடு என்று யார் சொல்வது? ஆனால் எங்கள் வீட்டில் அடியும் இல்லை, உதையும் இல்லை. வீம்பு மட்டும்தான். அதற்கு எந்தக் கோர்ட்டில் மனு போடுவது?

ஐப்பசி மழையில் ஒரு ஞாயிறு, அவர் இருபது நிமிடம் முன்னாலேயே வந்து எதிர்வீட்டு சன்ஷேடின் கீழ் நனைந்துகொண்டு நின்றார். அம்மா ஒன்றும் பேசாமல் காபி கலந்தாள். நான் தங்கையைப் பார்த்தேன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு, ‘சர்க்கரை கம்மியா இருக்கட்டும்ணா’ என்றாள்.

கேட்டுக்கு வெளியே குடைக்கடியில் நின்றே குடித்தார். பையன் பையை மாட்டிக்கொண்டு தம்ளரையும் எங்கள் முகங்களையும் மாறி மாறிப் பார்த்தான். அவர்கள் மறுபடி சேரவில்லை, சேரப்போவதும் இல்லை. அடுத்த வாரமும் நான் ‘சார்’தான்.

அன்று மாலை நான் எதுவும் கேட்கவில்லை. செருப்பைக் கழற்றிக்கொண்டே அவனாகச் சொன்னான்: அப்பா வீட்டு மாடிப்படிக்குக் கீழே பூனை நாலு குட்டி போட்டிருக்கிறதாம். அதில் ஒன்றுக்கு வால் பாதிதான் இருக்கிறதாம்.